இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்கக் குழந்தைக்கு உதவும் வழிகள்

வீட்டில் எதிரே அமர்ந்து பேசும்போது சொன்னதைச் சரியாகச் செய்யும் குழந்தை, நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில் அதே சொல்லைக் கேட்டுவிட்டு விழிப்பதைப் பல பெற்றோர் பார்த்திருப்பார்கள். ஆசிரியர் அதைக் கவனக்குறைவு என்கிறார், வீட்டுப் பெரியவர்கள் பிடிவாதம் என்கிறார்கள், காதுப் பரிசோதனை அறிக்கையோ எல்லாம் இயல்பாக இருப்பதாகச் சொல்கிறது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் தவறாக இருக்க முடியும். வழக்கமான செவித்திறன் பரிசோதனை, ஒலி புகாத அறையில், குழந்தையால் கேட்க முடிகிற மிக மெல்லிய ஒலி எது என்பதை அளக்கிறது. மின்விசிறி ஓடிக்கொண்டிருக்க, பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்க, அதற்கிடையில் ஆசிரியரின் ஒரு வாக்கியத்தைப் பிரித்தெடுக்க முடிகிறதா என்பதை அது அளப்பதில்லை.

இந்தச் சிரமம் ஒரே வகைக் குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. ஹியரிங் எய்டு அல்லது காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சையால் உட்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) அணிந்த குழந்தைகள், ஒரு காதில் மட்டும் கேட்கும் குழந்தைகள், அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கும் குழந்தைகள், மொழி வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள், காது நன்றாக இருந்தும் கேட்ட ஒலியை மூளை பிரித்தறிவதில் தடுமாறுபவர்கள் ஆகிய எல்லோரிடமும் வெவ்வேறு காரணத்தால் இது காணப்படுகிறது. காரணம் வேறானாலும் செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதி ஒன்றே. அவற்றுள் முக்கியமானவை பெரியவர்கள் செய்ய வேண்டியவை. குழந்தையை இன்னும் கூர்ந்து கேள் என்று வற்புறுத்துவதற்கு முன், கூர்ந்து கேட்கத் தகுந்த ஒலி அதன் காதுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதே முறை.

இரைச்சல் எதைத் தின்கிறது என்று தெரிந்தால் பின்வரும் யோசனைகளின் காரணம் விளங்கும். பேச்சில் உயிரொலிகள் வலுவானவை, நீண்டு ஒலிப்பவை. ப, த, க, ச போன்ற மெய்யொலிகள் நொடியின் சிறு பகுதியில் மெலிதாக வந்து போய்விடும். மின்விசிறியும் பேருந்து இயந்திரமும் எழுப்பும் தாழ்ந்த உறுமல், தன்னைவிட உயர்ந்த சுருதியிலுள்ள இந்த மெல்லிய ஒலிகளையும் மறைத்துவிடும். எனவே பால், கால், வால் என்ற மூன்றும் குழந்தைக்கு ஏறக்குறைய 'ஆல்' என்றே கேட்கின்றன. வளர்ந்தவர்களாகிய நாம் இடம் பார்த்து, தலைப்பைப் பார்த்து, இலக்கணத்தைப் பார்த்து விடுபட்டதை நிரப்பிக்கொள்கிறோம், மழையில் நனைந்து பாதி எழுத்து அழிந்த கடிதத்தைத் தெரிந்தவர் படித்துவிடுவதைப் போல. மொழியறிவே இன்னும் முழுமை பெறாத குழந்தையிடம் அப்படி நிரப்புவதற்குச் சரக்கு குறைவு. குறைபாடு ஏதும் இல்லாத குழந்தைகளுக்குக்கூட இந்தத் திறன் பதின்பருவம்வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகையால் நமக்கு நன்றாகக் கேட்கிறது என்பதை வைத்துக் குழந்தைக்கும் கேட்கும் என்று முடிவு செய்யக் கூடாது.

முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது

வீட்டிலேயே ஓர் எளிய ஒப்பீட்டைச் செய்யலாம். குழந்தைக்கு நன்கு தெரிந்த சொற்களைக் கொண்டு பத்துச் சிறு கட்டளைகளை எழுதிக்கொள்ளுங்கள்: 'சிவப்புப் பந்தை நாற்காலிக்கு அடியில் வை', 'தண்ணீர் குடித்துவிட்டுக் கதவை மூடு' என்பன போன்றவை. அமைதியான அறையில், குழந்தைக்குப் பின்னால் ஒரு மீட்டர் தொலைவில் நின்று, இயல்பான குரலில் அவற்றைச் சொல்லிப் பாருங்கள். வேறொரு நாளில், வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது, அதே அளவு கடினமான வேறு பத்துக் கட்டளைகளைச் சொல்லுங்கள். அமைதியிலேயே பாதி தவறினால், மொழியைப் புரிந்துகொள்வதிலோ செவித்திறனிலோ அடிப்படையான சிக்கல் இருக்கலாம், இரைச்சல் அதைப் பெரிதாக்குகிறது. அமைதியில் ஒன்பது சரியாக வந்து இரைச்சலில் நான்காகக் குறைந்தால், அதை அப்படியே எழுதி எடுத்துக்கொண்டு நிபுணரிடம் செல்லுங்கள். இது நோயறியும் சோதனை அன்று. ஆனால் 'சரியாகக் கேட்க மாட்டேன் என்கிறான்' என்ற பொதுப்புகாரைவிட இந்தக் குறிப்பு நிபுணருக்குப் பலமடங்கு பயன்படும்.

பள்ளியில் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் வேறு. மற்றவர்கள் புத்தகத்தைத் திறந்த பிறகு, அவர்களைப் பார்த்து ஒரு நொடி தாமதமாகத் திறப்பது. கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத பதிலைச் சொல்வது. கோரஸாக ஒப்பிக்கும்போது வாயசைத்துவிட்டுத் தனியே கேட்டால் திகைப்பது. காலையில் தெளிவாக இருந்து பிற்பகலில் சோர்ந்துபோவது அல்லது குறும்பில் இறங்குவது. நாள் முழுவதும் ஒலியைப் பிரித்தெடுக்க உழைத்த குழந்தையின் களைப்பு, பார்ப்பவருக்குச் சோம்பலாகத்தான் தெரியும்.

முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காதழுக்கும் நடுக்காது நீரும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நடுக்காதில் நீர் தேங்கினால் செவித்திறன் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். அதனால்தான் நேற்றுக் கேட்டவன் இன்று கேட்கவில்லை என்ற குழப்பம் வருகிறது. அடுத்து ஆடியாலஜிஸ்ட் எனப்படும் செவித்திறன் நிபுணரிடம், இரைச்சலில் பேச்சைக் கேட்கும் சோதனை குழந்தையின் வயதுக்கும் மொழிக்கும் ஏற்றதாகக் கிடைக்குமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் அதைச் செய்வதில்லை. அவரும் பேச்சுப் பயிற்சியாளரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்களா என்று பார்ப்பது பெற்றோரின் உரிமை. செலவு தாங்காத குடும்பங்கள் அரசுப் பள்ளி, அங்கன்வாடி வழியாக வரும் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் (தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் சொல்லி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை பெறலாம். 2013 இல் தொடங்கிய இத்திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கானது.

தூரம்தான் முதல் மருந்து

ஒரே ஒரு மாற்றத்தைத்தான் செய்ய முடியும் என்றால் தூரத்தைக் குறையுங்கள். திறந்தவெளியில் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ள தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் பேச்சின் ஒலியளவு 6 டெசிபெல் (ஒலியளவை அளக்கும் அலகு) குறைகிறது. சற்று உரக்கப் பேசும் ஆசிரியரின் குரல் ஒரு மீட்டரில் 65 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மீட்டரில் 59 ஆகவும் நான்கு மீட்டரில் 53 ஆகவும் இறங்கிவிடும். அறையின் இரைச்சலோ எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அது 55 என்றால், முன்னால் இருப்பவருக்குப் பேச்சு இரைச்சலைவிட 10 டெசிபெல் மேலே நிற்கிறது, நான்காம் மீட்டரில் இருப்பவருக்கு இரைச்சலுக்குள் மூழ்கிவிடுகிறது. வகுப்பறையில் பேச்சு இரைச்சலைவிடக் குறைந்தது 15 டெசிபெல் உயர்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கத்தின் பரிந்துரை. மூடிய அறையில் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்வதால் தூரத்தில் அளவு இவ்வளவு குறையாது. ஆனால் அப்படித் திரும்பி வரும் ஒலி, முந்தைய உயிரொலியின் வாலை அடுத்த மெய்யொலியின்மேல் பூசிவிடுவதால், அளவு கூடினாலும் தெளிவு கூடுவதில்லை.

குரலை உயர்த்துவது இதற்கு மாற்றாகாது. இரைச்சலில் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவதை 1911 இல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தார். வகுப்பறையில் இதன் விளைவைத் தினமும் காணலாம்: ஆசிரியர் உயர்த்தினால் பிள்ளைகளும் உயர்த்துவார்கள், பத்து நிமிடத்தில் அறை முழுவதும் ஒரு படி ஏறியிருக்கும். மேலும், கத்தும்போது உயிரொலிகள்தாம் பெரிதாகின்றன. மெல்லிய மெய்யொலிகள் அந்த அளவுக்குப் பெரிதாவதில்லை.

'முதல் பெஞ்சில் உட்கார வையுங்கள்' என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. அதை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. முதல் வரிசை, சாலையை ஒட்டிய சன்னலுக்கோ வராந்தாக் கதவுக்கோ பக்கத்தில் இருந்தால் நன்மையைவிடத் தீமை அதிகம். பின்னாலிருந்து பதில் சொல்லும் சக மாணவர்களின் முகமும் அங்கிருந்து தெரியாது. பல அறைகளில் இரண்டாம் வரிசையின் ஓர் ஓரம், சற்றுத் திரும்பினால் வகுப்பு முழுவதும் கண்ணில் படும்படியான இடம், சிறந்ததாக அமைகிறது. ஒரு காது மட்டும் கேட்கும் குழந்தைக்கு அந்தக் காது ஆசிரியர் பக்கமும், கேட்காத காது சுவர் அல்லது இரைச்சல் வரும் பக்கமும் இருக்க வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே யாரும் உட்காரலாம், இந்தக் குழந்தையைத் தவிர. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் வகுப்புகளைப் போலப் பிள்ளைகள் குழுக்களாக அமர்ந்து செயல்பாடு செய்யும் வேளையில், இருக்கையைவிட ஆசிரியர் நிற்குமிடம்தான் முக்கியம். அறிவிப்பை அறையின் முன்னால் நின்று ஒருமுறை சொல்லிவிட்டு, இக்குழந்தையின் குழு அருகே சென்று மறுமுறை சொல்ல வேண்டும்.

அறையின் ஓசையைக் குறைப்பது

அமெரிக்காவின் வகுப்பறை ஒலித் தரநிலை, ஆளில்லாத சிறு வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபெல்லுக்கும், எதிரொலி அடங்கும் நேரம் 0.6 நொடிக்கும் மேல் போகக் கூடாது என்கிறது. கான்கிரீட் கூரை, சிமெண்டுத் தரை, திறந்த சன்னல் கொண்ட நம் வகுப்பறைகள் அதை எட்டுவது கடினம். அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கரகரவென்று சத்தமிடும் மின்விசிறியின் பேரிங்கை மாற்றுவது, ரெகுலேட்டரை ஒரு புள்ளி குறைப்பது, பெஞ்சுக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டுவது, பாடம் விளக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் சாலைப் பக்கச் சன்னலைச் சாத்துவது ஆகியவை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் வேலைகள். சன்னல்களுக்குக் கனத்த துணித் திரையும், பின்சுவரில் ஜமக்காளமும் எதிரொலியைக் குறைக்கும். ஜமக்காளத்தைச் சுவரோடு ஒட்டாமல், மரச்சட்டத்தில் இரண்டு மூன்று அங்குலம் தள்ளித் தொங்கவிட்டால் பலன் கூடும். தெர்மகோல் தகடும் முட்டை அட்டையும் சத்தத்தை உறிஞ்சும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அவற்றின் பலன் மிகக் குறைவு, தீப்பற்றும் அபாயமோ அதிகம், ஆதலால் அந்தப் பணத்தைத் துணிக்குச் செலவிடுங்கள். செல்போனில் உள்ள ஒலியளவுச் செயலி துல்லியமானதன்று, ஆயினும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் வைத்து அளந்தால் வேறுபாடு தெரியும்.

வெளியிலிருந்து வரும் ஒலிபெருக்கிச் சத்தத்துக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி கல்வி நிறுவனங்களைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பகுதியை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம், அங்குப் பகல் வரம்பு 50 டெசிபெல். திருவிழாக் குழுவிடம் தலைமையாசிரியர் முன்கூட்டியே பேசிக் குழாய் ஒலிபெருக்கியின் முகத்தைத் திருப்பி வைக்கச் சொல்வது, புகார் எழுதுவதைவிட விரைவில் பலன் தரும்.

முகம் தெரிய வேண்டும். உதட்டசைவைப் பார்ப்பது, காதில் விழாத ப, ம, வ போன்ற ஒலிகளைக் கண்ணால் தருகிறது. வெளிச்சம் பேசுபவரின் முகத்தில் விழ வேண்டும், அவர் முதுகுக்குப் பின்னால் சன்னல் இருக்கக் கூடாது. கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசுவதை ஆசிரியர் விட்டுவிட்டால் அதுவே பாதி வேலை.

சொல்லும் முறை

மேலே கூறியவை எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழ் பேசும் குழந்தைக்கென்று தனியே கவனிக்க வேண்டியவையும் உண்டு. தமிழ் வாக்கியத்தின் உயிர்நாடி பெரும்பாலும் சொல்லின் வாலில் இருக்கிறது. எதிர்மறை, காலம், யாரிடமிருந்து யாருக்கு என்பது எல்லாம் விகுதியிலும் உருபிலும் வருகின்றன. பேசுபவரின் குரல் தாழ்வதும் வாக்கியத்தின் அதே இறுதியில்தான். 'பார்த்து எழுதுங்கள்' என்பதற்கும் 'பார்க்காமல் எழுதுங்கள்' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, இரைச்சலில் ஒரு சிறு அசையாகச் சுருங்கிவிடுகிறது. 'எடுங்க', 'எடுக்காதீங்க' என்பனவும் அப்படியே. குழந்தை நேர்மாறாகச் செய்துவிட்டுத் திட்டு வாங்குவது இத்தகைய இடங்களில்தான். எனவே எதிர்மறையை விகுதிக்குள் ஒளித்து வைக்காமல் தனிச் செயலாக முன்னால் சொல்லுங்கள்: 'புத்தகத்தை மூடுங்கள். பைக்குள் வையுங்கள். இப்போது எழுதுங்கள்.' 'கவிதாவிடம் கொடு', 'கவிதாவிடமிருந்து வாங்கு' என்பவற்றில் கையால் திசையையும் காட்டுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல் வரை குரலைத் தாழ்த்தாமல் கொண்டு செல்வதற்கு ஆசிரியர் தம்மைத் தாமே பழக்கிக்கொள்ளலாம்.

எண்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. அறுபத்தேழும் எழுபத்தேழும், ஐம்பதும் ஒன்பதும் இரைச்சலில் ஒன்றுபோல் ஒலிக்கும். பக்க எண், வீட்டுப்பாட எண், தேதி ஆகியவற்றை வாயால் மட்டும் சொல்லாமல் பலகையில் எழுதிவிடுவது நல்லது.

பாடநூலின் தமிழும் வீட்டில் பேசும் தமிழும் வேறாக இருப்பதால் மொழிக் குறைபாடுள்ள குழந்தைக்கு இரட்டைச் சுமை. புதிய கருத்தை முதலில் பேச்சுத் தமிழில் சொல்லி, அது பதிந்த பிறகு அதே கருத்தைப் பாடநூல் வாக்கியமாகப் படிப்பது நல்லது. ஆங்கிலவழி வகுப்பில் சுமை மூன்றாகிறது, ஏனென்றால் நன்கு பழகாத மொழியை இரைச்சலில் பிரித்தெடுப்பது எவருக்கும் கடினம். இதைச் சாக்கிட்டு வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடுங்கள் என்று சிலர் சொல்வதுண்டு. நிறுத்தத் தேவையில்லை. வீட்டு மொழியில் வலுவான சொல்வளம் உள்ள குழந்தைக்குத்தான் விடுபட்டதை ஊகித்து நிரப்பும் ஆற்றல் வளரும்.

அந்த ஊகத்துக்கு உணவிடும் வழி, முன்கூட்டியே சொல்லித் தருவது. நாளைக்கு 'நீரின் சுழற்சி' பாடம் என்றால், இன்று இரவே ஆவி, மேகம், குளிர்தல், மழை, நிலத்தடி நீர் ஆகிய சொற்களைப் படத்தோடு பேசிவிடுங்கள். மறுநாள் இரைச்சலில் 'ஆ…' என்று மட்டும் காதில் விழுந்தாலும் குழந்தை அதை 'ஆவி' என்று பிடித்துக்கொள்ளும். ஆசிரியர் வாரத் தொடக்கத்தில் பாடத் தலைப்புகளைப் பெற்றோருக்கு அனுப்புவதும், பாடம் தொடங்கும்போது தலைப்பைப் பலகையின் மூலையில் எழுதி வைப்பதும் போதும்.

கட்டளையிடும் முறையும் மாற வேண்டும். பெயரைச் சொல்லி அழைத்து, குழந்தை திரும்பிப் பார்க்கும் வரை காத்திருந்து, பிறகு பேசுங்கள். பெயரையும் செய்தியையும் ஒரே மூச்சில் சொன்னால் செய்தியின் முதற்பாதி வீணாகும். வாக்கியங்களுக்கு இடையே இரண்டு நொடி விடுங்கள். குழந்தைக்குப் பிடிபடவில்லை என்றால், முதல் முறை அதே சொற்களில் திரும்பச் சொல்லுங்கள், ஏனெனில் பாதி கேட்டவனுக்கு மீதிப் பாதிதான் வேண்டும், வாக்கியத்தை மாற்றினால் அவன் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும். அப்போதும் விளங்காவிட்டால் எளிய சொற்களுக்கு மாறுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்பதில் பயனில்லை, எந்தக் குழந்தையும் தலையாட்டிவிடும். 'இப்போ முதல்ல என்ன செய்யப் போற?' என்று கேளுங்கள். காதருகே கிசுகிசுப்பதும் உதவாது. கிசுகிசுப்பில் குரலொலியே இராது, அருகில் வந்து இயல்பான குரலில் பேசுவதே மேல்.

கருவிகள் தருவதும் தராததும்

ஹியரிங் எய்டு பேச்சோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. காக்ளியர் இம்ப்ளான்ட் தரும் ஒலியில் சுருதியின் நுட்பம் குறைவாதலால் பல குரல்களைப் பிரிப்பது கடினம். கருவி மாட்டிய பிறகும் சரியாகக் கேட்கவில்லை என்று குழந்தையைக் குறை சொல்வது, இந்த எல்லையை அறியாததால் வருவது. இரைச்சலில் உண்மையான முன்னேற்றம் தருவது ரிமோட் மைக் எனப்படும் கம்பியில்லா ஒலிவாங்கி. ஆசிரியர் வாயிலிருந்து ஒரு சாணுக்குள் அணியும் மைக், குரலை நேராகக் குழந்தையின் கருவிக்கு அனுப்புவதால், தூரம் என்ற சிக்கலே ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. செவித்திறன் இயல்பாக இருந்து கேட்டதைப் பிரித்தறிவதில் மட்டும் சிரமப்படும் சில குழந்தைகளுக்கும் ஆடியாலஜிஸ்ட் இதைப் பரிந்துரைப்பதுண்டு.

வாங்கி வைப்பது எளிது, சரியாகப் பயன்படுத்துவதுதான் பள்ளிகளில் தவறிப்போகிறது. தாலிச் சங்கிலி, அடையாள அட்டையின் நாடா, துப்பட்டா ஆகியவை மைக்கில் உரசினால் குழந்தையின் காதில் இடிபோல் விழும். வேறொரு மாணவரிடம் தனியே பேசும்போது மைக்கை அணைக்க வேண்டும், பாடம் தொடங்கும்போது மறக்காமல் இயக்க வேண்டும். பதில் சொல்லும் மாணவர் கைக்கு மைக் போக வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பில் நடக்கும் உரையாடலில் பாதி குழந்தைக்குக் கிட்டாது.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஆறு ஒலிச் சோதனையைச் செய்துவிடுங்கள். டேனியல் லிங் என்பவர் வகுத்த இச்சோதனையில் ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை, குழந்தைக்கு முகம் தெரியாதபடி பின்னால் நின்று, ஒழுங்கு மாற்றிச் சொல்ல வேண்டும். குழந்தை திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. தினமும் சரியாகச் சொல்லும் ஸ் இன்று விட்டுப்போனால், கருவியின் பேட்டரியையோ, காதுக்குள் பொருந்தும் காது அச்சில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்பதையோ பாருங்கள்.

சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் ஆட்டிசக் குழந்தைகளுக்குச் செவிமூடி நிம்மதி தரும். ஆனால் அது பேச்சையும் சேர்த்தே தடுக்கிறது. உணவு இடைவேளை, மணி அடிக்கும் நேரம், விழா ஆகியவற்றுக்கு அதை அனுமதித்து, சொல்ல வேண்டியது இருக்கும்போது அமைதியான மூலைக்கு அழைத்துச் சென்று சொல்லலாம்.

வீட்டிலும் வெளியிலும்

அடுப்படியிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுப்பதை நிறுத்துவதே வீட்டின் முதல் விதி. மிக்சி ஓடும்போதும் குக்கர் விசில் அடிக்கும்போதும் சொன்னவை சொல்லாதவைதாம். யாரும் பார்க்காத தொலைக்காட்சியை அணையுங்கள். பின்னணியில் ஓடும் பேச்சு, மின்விசிறிச் சத்தத்தைவிட அதிகமாகக் குழப்பும், ஏனெனில் அதிலும் சொற்கள் இருக்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஒரே வேளையில் நால்வர் பேசுவதைத் தடுப்பது கடினம், ஆயினும் 'தம்பிகிட்டப் பேசும்போது ஒருத்தர் மட்டும்' என்பதைத் தாத்தா, சித்தப்பா உட்பட எல்லோரிடமும் சொல்லி வைக்கலாம்.

பேருந்தில் பேச்சை நம்பாதீர்கள். இறங்க வேண்டும், நில், கையைப் பிடி ஆகியவற்றுக்குக் கைச்சைகைகளை ஏறுவதற்கு முன்பே பேசி வையுங்கள். சாலையைக் கடக்கும்போது இது பாதுகாப்புச் சார்ந்த விஷயம். கல்யாண மண்டபத்தில் மேளமும் ஒலிபெருக்கியும் உள்ள பக்கத்திலிருந்து விலகி, சுவரை முதுகுக்கு வைத்து அமருங்கள். யார் யார் வருவார்கள், என்ன கேட்பார்கள் என்பதை முந்தைய நாள் புகைப்படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டால், 'எந்தக் கிளாஸ் படிக்கிற?' என்ற அத்தையின் கேள்வி சத்தத்தில் கரைந்தாலும் குழந்தை பதில் சொல்லிவிடும். அரை மணிக்கு ஒருமுறை வெளியே அழைத்துச் சென்று காதுக்கு ஓய்வு கொடுங்கள். பள்ளி விட்டு வந்ததும் உடனே டியூஷனுக்கு அனுப்பாமல் சிறிது நேரம் அமைதியில் விடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

கேட்கும் பயிற்சி

அமைதியில் நன்கு கேட்டுப் புரிந்துகொள்ளும் குழந்தையோடு மட்டுமே இரைச்சல் பயிற்சியைத் தொடங்க வேண்டும். அமைதியிலேயே தடுமாறும் குழந்தையிடம் இரைச்சலைச் சேர்ப்பது கொடுமை. நான்கு படங்களை விரித்து வைத்து, மின்விசிறி மெதுவாக ஓடும்போது ஒன்றின் பெயரைச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் பூனை, மாம்பழம், விமானம் என ஒலியமைப்பில் வெகுவாக வேறுபடும் சொற்கள் வேண்டும், பிறகு தலை, மலை, வலை, இலை என நெருங்கிய சொற்களுக்கு வரலாம். பத்தில் எட்டுச் சரியாக வந்தால் ஒரு படி கடினமாக்குங்கள், ஆறுக்குக் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள். இரைச்சலிலும் படிகள் உண்டு: முதலில் மின்விசிறி போன்ற சீரான சத்தம், பிறகு சந்தை இரைச்சல், கடைசியாகத் தெரிந்த மொழியில் ஒருவர் கதை சொல்லும் ஒலிப்பதிவு. இதுவே மிகக் கடினமானது. சொல்லிலிருந்து வாக்கியத்துக்கும், வாக்கியத்திலிருந்து சிறுகதை கேட்டுக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கும் செல்லலாம். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். தூக்கம் வரும் நேரத்தில் வேண்டாம்.

இந்தப் பயிற்சியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். விளையாட்டில் முன்னேறிய குழந்தை வகுப்பறையிலும் அதே அளவு முன்னேறிவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 'சில வாரங்களில் காதைக் கூர்மையாக்கும்' என்று விளம்பரப்படுத்தப்படும் செயலிகளுக்குப் பெருந்தொகை கொடுப்பதற்கு முன், அதே பணத்துக்கு ஒரு ரிமோட் மைக் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

இதைவிடப் பயன் தரும் பயிற்சி, கேட்காததைக் கேட்டுப் பெறும் பழக்கம். வெறும் 'என்ன?' என்று கேட்டால் எதிரில் இருப்பவர் எரிச்சலடைவார், முழுவதையும் அதே வேகத்தில் மறுபடி சொல்வார். 'எந்தப் பக்கம்னு சொன்னீங்க, டீச்சர்?', 'முதல் வரி கேட்டுச்சு, அடுத்தது கேக்கல', 'கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க' என்பவற்றை வீட்டில் நடித்துப் பழக்குங்கள். வேண்டுமென்றே ஒரு சொல்லை விழுங்கிச் சொல்லி, குழந்தை சரியாக அந்த இடத்தைக் கேட்டால் பாராட்டுங்கள். ஆசிரியரை இடைமறித்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதால், ஆசிரியரிடம் முன்பே பேசி அனுமதி பெற்று வையுங்கள். கூச்சமுள்ள குழந்தை எழுந்து கேட்க வேண்டியதில்லை, மேசைமேல் ஒரு மஞ்சள் அட்டையைத் திருப்பி வைத்தால் போதும். பக்கத்தில் உட்காரும் தோழனிடம் பக்க எண்ணைச் சுட்டிக்காட்டும் பொறுப்பை மட்டும் கொடுங்கள், பாடத்தையே எழுதித் தரும் பொறுப்பைக் கொடுக்காதீர்கள்.

பள்ளியிடம் கேட்டுப் பெறுவது

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், செவித்திறன் குறைபாடு, பேச்சு மொழிக் குறைபாடு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகியவற்றைத் தன் பட்டியலில் கொண்டுள்ளது. அதன் 16 ஆம் பிரிவு, குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைக் கல்வி நிறுவனங்கள் செய்து தர வேண்டும் என்கிறது. இருக்கை மாற்றம், மைக் பயன்பாடு, டிக்டேஷன் தேர்வை அமைதியான அறையில் தனியே நடத்துதல் ஆகியவற்றை இதன்கீழ் எழுத்து மூலம் கேட்கலாம். சட்டப் பிரிவோடு தொடங்காமல், ஆசிரியரோடு ஒரு முறை உட்கார்ந்து பேசிவிட்டுக் கடிதம் கொடுத்தால் காரியம் எளிதாகும் என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு ஜூனிலும் அறை மாறும், ஆசிரியர் மாறுவார், சென்ற ஆண்டு பாடுபட்டுப் பெற்றவை காற்றோடு போகும். அதனால் ஒரே பக்கத்தில் அடங்கும் குறிப்பு ஒன்றை ஏப்ரலிலேயே பழைய ஆசிரியரின் உதவியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கும், எந்த இடத்தில் உட்கார்ந்தபோது பலன் இருந்தது, மைக்கை எப்படி இயக்குவது, எதிர்மறைக் கட்டளையை எப்படிப் பிரித்துச் சொல்வது, மஞ்சள் அட்டை எதற்கு, பேட்டரி தீர்ந்தால் யாரை அழைப்பது என்பவை அதில் இருக்கட்டும். மருத்துவ அறிக்கையைப் பின்னால் இணைத்துவிடலாம். முதல் இரண்டு வாரத்துக்குள் புதிய அறையில் குழந்தையின் இருக்கையில் நீங்களே அமர்ந்து, மின்விசிறி முழு வேகத்தில் ஓட, ஆசிரியர் நிற்கும் இடத்திலிருந்து யாரையாவது பேசச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் உங்களுக்கே ஒரு சொல் தவறினால், அன்றே வேறு இருக்கை கேளுங்கள்.